கலியாணத்துக்கு முதல் நாள் சாப்பாடு

என் மகளின் கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் நான் ஒருவரை இறைச்சிக்கறிக் கரண்டியால் அடித்து விழுத்தினேன். அவர் மகளின் அப்பா, என் கணவராக இருந்தவர். இவ்வளவுக்குப் பிறகும் வாயில் 'அவர்' என்றுதான் வருகிறது. மிச்சம் என்கிற ஊரில் நான் வேலை செய்கிற கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இந்தக் கதை தெரியும். அவர்களுக்குத் தெரிந்த கதை அடியில் தொடங்கி அடியிலேயே முடிந்துவிடும். முன்னும் பின்னும் நடந்ததை நான் யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

எனக்கு அந்தத் தமிழ்க்கடையில் மீன் பகுதியில் வேலை. பெண்கள் அந்த வேலைக்கு அதிகம் வருவதில்லை. குளிர், நாற்றம், பாரம். நான் அவரை விட்டு மகளோடு தனியே வந்த வருடம் அதுதான் கிடைத்தது, பிடித்துக்கொண்டேன். அறக்குளா மீனின் தலையை ஒரே வெட்டில் எடுப்பேன். பெரிய பாரை என்றால் கத்தியை நடு முள்ளில் வைத்து மரக்கட்டையால் ஒரு தட்டு. வலது கை தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஆம்பிளைக் கைபோல இறுகிப்போய்விட்டது. மகள் சின்ன வயதில் அதைப் பிடித்துப் பார்த்துச் சிரிப்பாள்.

அதே கையின் மணிக்கட்டைத்தான் அவர் முன்பு ஒரு முறை பிரிட்ஜ் கதவுக்குள் வைத்து அடித்துச் சாத்தினார். சோறு குழைந்துபோனதுக்காக. அதற்கு முதலும் அடிதான். ஆனால் அவர் இடம் பார்த்து அடிக்கிறவர். முதுகு, தொடை, தலைமயிர் மூடுகிற இடம். வெளியே கோயிலில், கலியாண வீட்டில், "இஞ்சாரும், கொஞ்சம் இஞ்சாலை வாரும்" என்று 'நீர்' போட்டு மரியாதையாகத்தான் கூப்பிடுவார். வீட்டுக் கதவு சாத்தினால் "எடியே". கதவு சாத்துகிற சத்தத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் இடையில் மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். மணிக்கட்டு உடைந்த அன்று மகள் மாடிப்படியில் நின்று பொலிசுக்குப் போன் எடுத்தாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. அதற்குப் பிறகு நாங்கள் அவரோடு இருக்கவில்லை.

மகள் படித்து, கவுன்சிலில் வேலை எடுத்து, அங்கே வேலை விடயமாக வந்துபோன ஒரு பெடியனை விரும்பினாள். தமிழ்நாட்டுப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை. தாயும் தகப்பனும் கிங்ஸ்பரியில் இருக்கிறார்கள். தாய் டொக்டர். அமைதியான பெடியன். ஒன்றைச் சொல்ல முதல் இரண்டு தரம் யோசிப்பான். எனக்குப் பிடித்திருந்தது.

கலியாணத்துக்கு ஹோல் எடுத்து, ஐயருக்கும் சொல்லியாகிவிட்ட பிறகு ஒரு நாள் மகள் குசினி மேசையில் இருந்துகொண்டு சொன்னாள்: "அம்மா, ரிஹேர்சல் டின்னர் ஒண்டு வைக்கவேணும். முதல் நாள். ரெண்டு பக்கத்து ஆக்களும் வந்து, ஆர் எங்கை நிக்கிறது, ஆர் என்ன செய்யிறது எண்டு ஒருக்காச் செய்து பார்த்திட்டு, எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிடுறது."

"நாடகமோ ஒத்திகை பாக்க?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "எனக்கில்லை அம்மா. உங்களுக்குத்தான்."

பிறகு மெல்ல மெல்ல விசயம் வெளியில் வந்தது. இரண்டு வருடமாக அவள் அப்பாவைச் சந்திக்கிறாள். அவர் லூயிஷாமில் ஒரு அறையில் இருக்கிறார். குடியை விட்டுவிட்டாராம். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலாம். அவளைக் கண்டதும் அழுதாராம். தாரை வார்த்துக் கொடுக்க அவர் வரவேணும் என்று அவளுக்கு ஆசை. தாரை வார்க்கும்போது தகப்பனின் கையில் பிள்ளையின் கை இருக்க, தாய் பக்கத்தில் நின்று செம்புத் தண்ணீரை ஊற்றவேணும்.

"நானூறு சனத்துக்கு முன்னாலை முதல் முதலா நீங்கள் அவருக்குப் பக்கத்திலை நிக்கிறது எனக்கு விருப்பமில்லை," என்றாள். "முதல் நாள் ஒருக்கா நிண்டு பாத்தால் பயம் தெளியும்."

"எனக்கு என்ன பயம்?"

"அம்மா, அவற்றை பேரைச் சொன்ன உடனை நீங்கள் கையை மேசைக்குக் கீழை எடுத்திட்டியள்."

பார்த்தேன். கை மடியில்தான் இருந்தது.

இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஓம் என்றேன். தகப்பன் இல்லாத பிள்ளையாக அவளை மணவறைக்கு அனுப்பக்கூடாது என்று எனக்குள்ளும் ஒரு மூலையில் கிடந்தது. அதை மறைத்து என்ன பயன்.

அதற்குப் பிறகு வீட்டில் தினமும் சண்டை. மிச்சம் ட்ராம் தரிப்புக்குக் கிட்ட ஒரு பழைய கொம்யூனிட்டி ஹோலை எடுத்தோம். சாப்பாடு மச்சமா சைவமா என்று ஒரு சண்டை. என் தங்கச்சி தலையில் கைவைத்தாள். "கலியாணத்துக்கு முதல் நாள் ஆரும் மச்சம் சாப்பிடுவினமோ? விசரே உங்களுக்கு?" கலியாணத்தன்று எல்லாம் சைவம்தானே, இது எங்கடை பார்ட்டி, ஆட்டிறைச்சிக் கறியும் கொத்துரொட்டியும் வேணும், அதுவும் அங்கேயே கல்லில் போட்டுக் கொத்தவேணும் என்று மகள் நின்றாள். யாரை எந்த மேசையில் இருத்துவது என்று அடுத்த சண்டை. அவரை என் மேசையில் வைக்க மாட்டேன் என்று நான் கத்தினேன். தூரத்தில் வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அவள் கத்தினாள். ஒருநாள் கையில் இருந்த கோப்பையைச் சுவரில் எறிந்தேன். தேத்தண்ணி வழிந்து இறங்க நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவள் துணி எடுத்து வந்து துடைத்தாள்.

கடையில் அந்த வாரங்களில் நான் மீனை வெட்டியதைப் பார்த்து முதலாளி, "அக்கா, பலகை பிளக்கப்போகுது" என்றார்.

சனிக்கிழமை. யூலை மாதத்து வெயில் ஹோலின் உயரமான யன்னல்களால் உள்ளே விழுந்து கிடந்தது. மணவறைக்குப் பதிலாக நான்கு கதிரைகளைச் சதுரமாக வைத்திருந்தார்கள். ஒரு மூலையில் சாப்பாட்டுக்காரர் பெரிய சட்டிகளை அடுப்பில் ஏற்றியிருந்தார். கொத்துப் போட வந்தவர் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தாய் பருத்திச் சேலையில் வந்து என் கையைப் பிடித்து, "எல்லாம் நல்லபடியா நடக்கும் சம்பந்தி, கவலைப்படாதீங்க" என்றா. மகள் அவவுக்கு எல்லாம் சொல்லியிருக்கிறாள் என்று அந்தப் பிடியில் தெரிந்தது.

அவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். வெள்ளைச் சேர்ட். நெற்றியில் வீபூதி. மெலிந்து, மயிர் நரைத்து, பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருந்திருக்கும். எல்லோரையும் கும்பிட்டார். என்னைப் பார்த்து, "எப்பிடி இருக்கிறீர்?" என்றார்.

நீர். அந்தச் சொல்லைக் கேட்ட உடனே என் முதுகு தானாகக் கூனியது. எத்தனை வருடம் போனாலும் உடம்புக்கு அது தெரிகிறது.

ஐயர் எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். அவர் கையை நீட்ட, மகள் தன் கையை அதற்குள் வைத்தாள். மாப்பிள்ளை எதிரே நின்றான். என்னிடம் செம்பைத் தந்து, "அம்மா, மெல்லமாய் ஊத்துங்கோ" என்றார் ஐயர். ஒத்திகைதானே என்று பாதித் தண்ணீர்தான் விட்டிருந்தார்கள். நான் சரித்தேன். தண்ணீர் கையில் விழவில்லை, அவருடைய சேர்ட் கையில் விழுந்தது.

"பரவாயில்லை," என்றார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. பிறகு முகத்தில் சிரிப்பு மாறாமல், எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "மணிக்கட்டு இன்னும் சரி வரேல்லையோ?" என்றார்.

மகளுக்குக் கேட்டதோ தெரியாது. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். செம்பால் அவருடைய வாயில் அடிக்கவேணும்போல இருந்தது. ஐயர் "இன்னொருக்கா" என்றார். இன்னொருக்கா ஊற்றினேன். இந்த முறை ஒழுங்காக விழுந்தது.

சாப்பாடு தொடங்கியது. கொத்து போடுகிறவர் இரண்டு இரும்புத் தகடுகளாலும் கல்லில் அடிக்க, ஹோல் முழுக்க அந்தச் சத்தம். ரொட்டி, முட்டை, இறைச்சி எல்லாம் தகட்டுக்குக் கீழே துண்டு துண்டாகச் சிதறின. சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று கைதட்டினார்கள். எனக்கு ஒவ்வொரு அடிக்கும் பிடரி இழுத்தது. இருக்க ஏலாமல் எழும்பி, சட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று கறி பரிமாறப்போனேன். அங்கே நின்றால் அவரை நேராகப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் அவர் இரண்டு தரம் வெளியே காருக்குப் போய்வந்ததைக் கண்டேன். இரண்டாம் தரம் வந்தபோது நடையில் அந்தக் கவனம் இருந்தது. விழுந்துவிடாமல் நடக்கிறவரின் கவனம். எனக்குத் தெரிந்த நடை. தங்கச்சியிடம் போய், "குடிச்சிருக்கிறார்" என்றேன். "இண்டைக்கு ஒரு நாளைக்குப் பொறு அக்கா" என்றாள்.

அப்போதுதான் மாப்பிள்ளை எழும்பி ஒரு கிளாசில் கரண்டியால் தட்டினான். கொத்துக்காரர் நிறுத்தவில்லை, அந்தச் சத்தத்துக்கு மேலால் அவன் கதைத்தான். வந்தவர்களுக்கு நன்றி சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பி, "அத்தைக்குத்தான் நான் பெருசா நன்றி சொல்லணும். மீன்கடையில நின்னு, யாரோட உதவியும் இல்லாம தனியா இவளை வளர்த்து ஆளாக்கினாங்க. அந்தத் தைரியம்தான் இவகிட்டயும் இருக்கு," என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். சனம் கைதட்டியது.

அவருடைய கதிரை பின்னால் சரிந்து விழுந்தது.

"தனிய எண்டால்?" என்றார். "தனிய எண்டால் என்ன அர்த்தம்? நான் செத்துப்போனனோ? இஞ்சை இருக்கிறது ஆர், பிணமோ?"

மாப்பிள்ளை கிளாசைக் கீழே வைத்தான். "மாமா, நான் அப்படிச் சொல்லலை..."

"நீ ஆரடா எனக்குச் சொல்ல? அவள் மீன் வெட்டி வளர்த்தவள். நான் என்ன வெட்டினனான்?"

மகள் ஓடிப்போய் அவருடைய நெஞ்சில் கைவைத்தாள். ஆங்கிலத்தில், மெதுவாக, அப்பா வெளியே வாங்கோ, கொஞ்சம் காத்து வாங்குவம் என்பதுபோல ஏதோ சொன்னாள். அவர் குனிந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை மாறுகிற கணத்தை நான் தூரத்திலிருந்தே கண்டேன். எனக்கு அடுத்தது தெரியும். அந்த ஹோலில் என் ஒருத்திக்குத்தான் அது தெரியும்.

"எடியே," என்றார் மகளைப் பார்த்து. கையை விரித்து ஓங்கி அவளுடைய கன்னத்தில் அறைந்தார். அவள் ஒரு மேசையில் மோதி, கிளாசுகளோடு நிலத்தில் விழுந்தாள்.

நான் நடந்தேனா ஓடினேனா தெரியாது. கையில் கறிக்கரண்டி இருந்தது. நூறு பேருக்குக் கறி அள்ளுகிற கரண்டி, முழங்கை நீளம், கனமான எவர்சில்வர். அதற்குள் கறியும் இருந்தது. முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. கொதிக்கிற குழம்பு அவருடைய கழுத்திலும் வெள்ளைச் சேர்ட்டிலும் என் கையிலும் சிந்தியது. அவர் திரும்பினார். முகத்தில் கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான். அடுத்தது கன்ன எலும்பில். எலும்பு கரண்டியில் பட்ட உணர்வு என் தோளுக்கு ஏறியது. கத்தி மீன் முள்ளைத் தாண்டும்போது வருகிற அதே உணர்வு. அவர் சாய்ந்து, சாப்பாடு வைத்திருந்த மேசையின் விளிம்பில் தலை அடிபட்டு விழுந்தார். சோறும் கறியும் அவருக்கு மேலே கவிழ்ந்தன. நான் நிற்கவில்லை. கீழே கிடந்தவரின் முதுகில், தோளில், மறைக்கத் தூக்கிய கையில் அடித்தேன். "என்ரை பிள்ளையிலை... என்ரை பிள்ளையிலை..." என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான். தங்கச்சியின் மனுசன் பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்து இழுக்கும்வரைக்கும் அடித்தேன். பிடித்து இழுத்தவரையும் உதைத்தேன்.

கொத்துச் சத்தம் எப்போது நின்றதென்று தெரியாது. ஹோலில் ஒரு குழந்தை அழுகிறது மட்டும் கேட்டது. நிலத்தில் குழம்பு எது, இரத்தம் எது என்று பிரிக்க ஏலாமல் இருந்தது.

முதலில் அசைந்தது மாப்பிள்ளையின் தாய். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு அந்தக் குழம்புக்குள்ளேயே முழங்காலில் இருந்தா. மேசைவிரிப்பை இழுத்து மடித்து அவருடைய தலையில் அழுத்தினா. "அசையாதீங்க. என் விரலைப் பாருங்க. எத்தனை தெரியுது?" என்று கேட்டா. மகனிடம், "ஆம்புலன்ஸ் கூப்பிடு. கத்தாத, கூப்பிடு," என்றா. என் தங்கச்சியிடம், "அந்தப் பொண்ணுக்குப் பல்லு ஏதாவது ஆடுதான்னு பாருங்க," என்றா. என் பக்கம் ஒரு தரமும் திரும்பவில்லை. கலியாணம் குழம்பிவிட்டது என்று நான் விளங்கிக்கொண்டேன்.

மகள் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் சுவரோடு இருந்தாள். கன்னத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. நான் கிட்டப் போனேன். அவள் இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டாள். என்னைக் கண்டு மறைத்தாள். கரண்டி இன்னும் என் கையில் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆம்புலன்சும் பொலிசும் ஒன்றாக வந்தன. யாருடைய தலை உடைந்திருக்கிறதோ அவரை ஆம்புலன்சில் ஏற்றினார்கள், யார் உடைத்தாளோ அவளை மற்ற வாகனத்தில் ஏற்றினார்கள். கைவிலங்கு போடும்போது அந்தப் பொலிஸ்காரப் பெடியன் என் கையில் குழம்பு பட்டு வெந்த இடத்தைக் கண்டு, அதில் படாமல் போட்டான்.

ஸ்டேசனில் வக்கீல் ஒருவரையும் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் தந்தார்கள். விசாரித்த பொலிஸ் பெண் பொறுமையான ஆள். பழைய கதையெல்லாம் கேட்டாள், மணிக்கட்டைப் பற்றியும் கேட்டாள். கடைசியில், "மகளை அடித்ததும் நீங்கள் தடுக்கப் போனது விளங்குகிறது. அவர் விழுந்த பிறகும் ஏன் அடித்தீர்கள்?" என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரைக்கும் யோசித்தேன். "அவர் எழும்பிவிடுவார் எண்டு பயந்தனான்," என்றேன். அது உண்மை. இன்னொன்றும் உண்மை, அதை நான் சொல்லவில்லை. அந்த அடிகள் ஒவ்வொன்றும் எனக்கு இனித்தன. தண்ணீர் விடாய்த்தவள் குடிக்கிறதுபோல இருந்தது. வயிறு முட்ட முட்ட இன்னும் வேணும்போல இருந்தது. இப்போதும் அதை நினைத்தால் எனக்கு என்னைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

பெயிலில் விட்டார்கள். அவரோடு கதைக்கக்கூடாது, அவர் இருக்கிற இடத்துக்குப் போகக்கூடாது என்று நிபந்தனை. வெளியே வந்தபோது விடிந்திருந்தது. தங்கச்சியின் மனுசன் காருக்குள் நித்திரையாக இருந்தார். கண்ணாடியில் தட்டினேன். திடுக்கிட்டு எழும்பி, என்னைக் கண்டதும் ஒரு கணம் கதவைத் திறக்கவில்லை.

வீட்டில் மகள் கூறைச்சேலைக்குரிய அலங்காரத்துக்கு முகம் காட்டிக்கொண்டு இருந்தாள். அப்படியென்றால் கலியாணம் நடக்கிறது. என்னால் நம்ப ஏலவில்லை. அலங்காரம் செய்ய வந்த பெண் ஒன்றும் கேட்காமல் அந்த விரல் அடையாளங்களுக்கு மேலே திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கதிரையில் மாப்பிள்ளையின் தாய்.

"வாங்க சம்பந்தி. கையைக் காட்டுங்க," என்றா. பையிலிருந்து மருந்தும் துணியும் எடுத்து, வெந்த இடத்தைக் கழுவிக் கட்டினா. நான் அழத் தொடங்கினேன்.

"எல்லாம் நான் குழப்பிப்போட்டன்," என்றேன்.

"என் புள்ள கட்டிக்கப்போறது உங்க பொண்ண. அவங்க அப்பாவையும் இல்ல, உங்களையும் இல்ல," என்றா. குரலில் இரக்கம் இருந்ததாகச் சொல்லமாட்டேன். "போலீஸ்கிட்ட நான் பார்த்ததச் சொல்லிட்டேன். அவருதான் முதல்ல கை ஓங்கினாருன்னு சொன்னேன். விழுந்த பிறகு நீங்க அடிச்சதையும் சொன்னேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"ஓம். நீங்கள் சொன்னது சரி," என்றேன். அதுவரைக்கும் எனக்கு யாரிடமும் அவ்வளவு மரியாதை வந்ததில்லை.

அவ எழும்பிப் போன பிறகு மகள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "அம்மா, ஒண்டு சொல்லட்டோ?"

"சொல்லு."

"நேற்றுக் கரண்டியோடை நிண்டு பாத்தியள் எல்லே, அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அது அப்பாடை பார்வை." குரல் உடைந்தது. "நான் ஒரு சாப்பாடுதான் கேட்டனான் அம்மா. எல்லாரும் ஒண்டா இருந்து ஒரு நேரச் சாப்பாடு."

அலங்காரப் பெண், "அழாதேங்கோ, மை கரையும்," என்றாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. நான் அடிக்காமல் இருந்திருந்தால் அவளை அவர் இன்னும் அடித்திருப்பார் என்பதும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்தபோது அவளுடைய போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர். நான் அறைக்கு வெளியே வந்துவிட்டேன், அந்த நிபந்தனையை மீறக்கூடாது என்று. கதவுக்கு இந்தப் பக்கம் மகளின் குரல் மட்டும் கேட்டது.

"ஓம் அப்பா... தையல் போட்டவையோ... ஓம்." பிறகு, "வரவோ? ஹோலுக்கோ?"

அவர் வந்தால் நான் போகவேணும். சட்டம் அப்படி. தலையில் கட்டோடு வந்து அவர் மணவறையில் நிற்பார், பெற்றவள் ரோட்டில் நிற்பாள். அது அவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்துதான் போன் எடுத்திருப்பார்.

"வேண்டாம் அப்பா," என்றாள் மகள். "இல்லை, அம்மா சொல்லிச் சொல்லேல்லை. அம்மாவோடை எனக்குக் கோபம்தான். எனக்கு இண்டைக்கு உங்களைப் பாக்க ஏலாது... கன்னம் நோகுது அப்பா. சிரிக்க ஏலாமல் கிடக்கு. வராதேங்கோ."

பிறகு போனை மேசையில் வைக்கிற சத்தம்.

கலியாணம் நடந்தது. தனியே நிற்கிற பெண் தாரை வார்க்கிறது முறையில்லை என்று ஐயர் தயங்கினார். நான் வாதாடவில்லை. தங்கச்சியும் மனுசனும் நின்று வார்த்துக் கொடுத்தார்கள். அவர்களோடு ஒத்திகை பார்த்திருக்கவில்லை, ஆனாலும் ஒரு துளி வெளியே சிந்தவில்லை. நான் முன்வரிசையில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பின்னால் நானூறு பேரும் என் முதுகைப் பார்க்கிறார்கள் என்று தெரியும். முதல் நாள் ஹோலில் நின்றவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் தெரியும். தாலி கட்டும்போது எழும்பி அரிசி தூவினேன். அழவில்லை.

வழக்கு மேலே போகவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு, நடவடிக்கை எதுவும் இல்லை என்று பொலிசிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளையின் தாய் சொன்னது உதவியது என்று வக்கீல் சொன்னார், விழுந்த பிறகு அடித்ததையும் சேர்த்துச் சொன்னபடியால்தான் அவ சொன்ன மற்றதையும் நம்பினார்களாம். அவருக்கு ஒரு காது மந்தமாகிவிட்டதென்று கேள்வி. லூயிஷாம் கோயிலில் என்னை ராட்சசி என்கிறாராம். மகள் அவரோடு கதைப்பதில்லை. அதைப் பற்றி நான் கேட்பதும் இல்லை.

கடையில் ஆம்பிளைகள் பகிடி விட்டார்கள். "அக்கா, கரண்டியை உள்ளை வையுங்கோ, பிறகு வாறம்." நானும் சிரித்து வைத்தேன். ஒரு நாள் மழைக்குள் ஒரு பெண் வந்தாள், முப்பது வயது இருக்கும். சூடைமீன் வாங்கினாள், காசும் கொடுத்துவிட்டாள், போகவில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள். "அக்கா, அதுக்குப் பிறகு உங்களுக்குப் பயம் விட்டுப்போட்டுதோ?" என்று மிக மெதுவாகக் கேட்டாள். கழுத்தில் சால்வையை இறுக்கிச் சுற்றியிருந்தாள்.

"இல்லைப் பிள்ளை," என்றேன். "அடிச்சுப் பயம் போறேல்லை. அந்த வீட்டை விட்டு வந்த அண்டைக்குத்தான் பாதி போனது." கையுறையைக் கழற்றி, என் போன் நம்பரை மீன் சுற்றுகிற கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள். இன்னும் அவளிடமிருந்து போன் வரவில்லை.

மகளும் மருமகனும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார்கள். கொஞ்சக் காலம் அவள் என்னோடு சாப்பாட்டைப் பற்றி மட்டும் கதைத்தாள். பிறகு மற்றக் கதைகளும் வந்தன. போன மாதம் ஒரு நாள் நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருக்க, முன்னறையில் அவர்கள் இருவருக்கும் சண்டை. வீடு வாங்குகிற விசயம். அவளுடைய குரல் ஏறியது. பிறகு அவனுடையது அதற்கு மேல் ஏறியது. அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. என் கை தானாகப் போய் அடுப்பை நிறுத்தியது. எண்ணெய்ச் சத்தம் அடங்கட்டும் என்று நின்றேன். அடுத்து வரப்போகிற சத்தம் எது என்று எனக்குத் தெரியும். காது கொடுத்தேன்.

"சரி, நான் கத்துனது தப்பு," என்றான் அவன். "ஆனா நீ சொல்றதும் தப்பு."

"முதல் நீ கத்துறதை நிப்பாட்டு. பிறகு ஆர் பிழை எண்டு பாப்பம்."

"நிப்பாட்டிட்டேன்."

கதிரை இழுபடுகிற சத்தம். அவ்வளவுதான். நான் இன்னும் அசையவில்லை. மகள் தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் வந்தாள். நிறுத்தின அடுப்பையும் சுவரோடு நின்ற என்னையும் பார்த்தாள். கிளாசை வைத்துவிட்டுக் கிட்ட வந்தாள்.

"அம்மா," என்றாள். "நாங்கள் சும்மா சண்டை பிடிக்கிறம். இது சண்டை. இதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை."

"ஓம்," என்றேன்.

அவள் போகாமல் நின்றாள், நான் அடுப்பை மூட்டும்வரைக்கும். எண்ணெய் திரும்பச் சூடாகக் கொஞ்ச நேரம் எடுத்தது.